காருக்கு எது வடக்கு

எங்கள் வீட்டில் திசை சொல்லாமல் ஒரு பேச்சும் நடக்காது. "அந்தச் சொம்ப கொஞ்சம் தெக்கால தள்ளி வை" என்பார் என் வீட்டுக்காரர். சோறு போடும்போதுகூட, "கொழம்ப மேக்கால ஊத்து, கெழக்கால ரசத்துக்கு எடம் வேணும்" என்பார். ஒரு தடவை தருமபுரிக்குப் பல் காட்டப் போனோம். எந்தப் பல் வலிக்கிறது என்று டாக்டரம்மா கேட்டாள். இவர் நாற்காலியில் சாய்ந்தபடியே ஜன்னல் வெயிலைப் பார்த்துக் கணக்குப் போட்டு, "வடக்கால கடவாய்ப் பல்லுங்க" என்றார். அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் மகளின் காருக்குக் காற்றுப் பெட்டி, அதாவது டயரில் காற்று குறைந்தால் கத்துகிற பெட்டி, மாட்டியபோது நடந்த கூத்து எல்லாம் இந்தத் திசையால் வந்ததுதான்.

எங்கள் ஊர் அதியமான்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கொஞ்சம் காடு, ஒரு கிணறு, தக்காளியும் ராகியும் போடுவோம். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை. திரும்பி வந்துவிட்டாள். வந்த புதிதில் யாரிடமும் பேசமாட்டாள். தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள். கேட்டால்தான் பதில், அதுவும் ஒரு சொல்தான். பிறகு ஒருநாள் அவளாகவே தருமபுரிக்குப் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தாள். பழைய வண்டி ஒன்று வாங்கினாள். மஞ்சள் பலகை மாட்டி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பொம்பளைகள், மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி ஒகேனக்கல் போகிறவர்கள் என்று ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட்டார்கள். வண்டி ஓட்டப் போன பிறகுதான் அவள் வாய் திறந்து சண்டை போட ஆரம்பித்தாள். குழம்பில் உப்பு இல்லை என்றாள். அவள் அப்பாவின் வேட்டி அழுக்கு என்றாள். எனக்கு அது காதில் தேன் மாதிரி இருந்தது.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் ஒகேனக்கல் காட்டு வழியில் நின்றுவிட்டது. பின் சக்கரத்தில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது டயர் கிழிந்து நாராகியிருந்தது. மாற்றலாம் என்று ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று இல்லை. வண்டியில் வந்தவர்கள் திட்டிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். இவள் கதவை எல்லாம் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வண்டி மேல் குரங்குகள். கடைசியில் ஒரு காய்கறி வண்டிக்காரர் ஸ்டெப்னியைப் பென்னாகரம் எடுத்துப் போய்க் காற்று அடித்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். அவள் வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டோம்.

அவள் கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகு இவர் சொன்னார்.

"இன்னொரு வாட்டி வண்டி காட்டுல நின்னுச்சுன்னா அதோட வித்துடலாம். நீ வூட்ல இரு. ஒனக்குச் சோறு போட எனக்குத் தெம்பு இருக்குது."

கோபத்தில் சொன்னால் பரவாயில்லை. கோபம் ஆறிவிடும். இவர் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னதை மாற்றி நான் பார்த்ததில்லை. மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வண்டி போனால் அவள் பேச்சும் போய்விடும்.

மறுநாள் புது டயர் போட ரோட்டோரத்துக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரர்தான் சொல்லியிருக்கிறார்.

"மெதுவா எறங்கியிருக்குதுங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அங்கங்க காத்து அடிச்சிக்கிட்டே வந்திருக்கலாம். இப்ப அதுக்குன்னு ஒரு சாமான் வருது. நாலு டயர்லயும் மூடி மாதிரி மாட்டிட்டா, காத்து கொறஞ்சதும் உள்ள ஒக்காந்திருக்கிற உங்களுக்குச் சத்தம் குடுக்கும்."

அவள் போனிலேயே பார்த்து அதை வரவழைத்தாள்.

பெட்டி வந்த அன்று அவள் வீட்டில் இல்லை. லைசென்ஸ் வேலையாகத் தருமபுரிக்குப் பஸ்ஸில் போயிருந்தாள். போன் பண்ணிச் சொன்னேன். "பிரிக்காம வெச்சிரும்மா, நான் வந்து மாட்டிக்கிறேன்" என்றாள். நான் வைத்துவிட்டேன். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை எடுப்பதும் காதருகில் ஆட்டிப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"புள்ள வந்து மாட்டிக்கும்ங்க" என்றேன்.

"அது வெய்யில்ல வந்து களைச்சிப் போயிருக்கும். இதென்னா, மூடி திருவுறதுதானே. கெணத்து மோட்டாரையே பிரிச்சி மாட்டுனவன் நான்."

"மோட்டாரு அப்புறம் ஓடுச்சா?"

"ஓடுச்சு. கொஞ்ச நாளு ஓடுச்சு."

அரிவாள் முனையால் பெட்டியைக் கிழித்தார். உள்ளே கொட்டைப் பாக்கு அளவில் நாலு கறுப்பு மூடிகள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி. மூடி ஒவ்வொன்றின் தலையிலும் இங்கிலீஷில் இரண்டு எழுத்து. அட்டைப் பெட்டியின் மேல் ஒரு கார் படம். மேலேயிருந்து பார்த்தால் கார் எப்படித் தெரியுமோ அப்படி, மூக்கு மேல்பக்கம் பார்த்து நிற்கிறது. நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் அதே மாதிரி எழுத்து. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த எழுத்துத் தெரியாது. ஆனால் இந்த மூடியில் இருக்கும் கோடும் படத்தில் இருக்கும் கோடும் ஒன்றுதானா என்று பார்க்கக் கண் போதுமே. பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தோம்.

"இந்தா, படத்துல இருக்கிற மாதிரி மாட்டிட்டாப் போச்சு" என்று வெளியே வந்தவர், காரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அங்கேதான் திசை வந்தது. எங்கள் வாசலில் கார் எப்போதும் கிழக்கே மூக்கு வைத்துத்தான் நிற்கும். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி கிழக்கே பார்த்துப் புறப்பட வேண்டும் என்று இவர் கட்டளை. மகளும் அதற்காகவே தெருவில் பின்னால் எடுத்து எடுத்து ஒடித்துத்தான் உள்ளே விடுவாள்.

"படத்துல மேல இருக்கிறது வடக்கு" என்றார் இவர்.

"எப்பிடிச் சொல்றீங்க?"

"எந்தப் படத்துலயும் மேல வடக்குதான். வரப்புத் தகராறுல சர்வேயர் வந்தப்ப நம்ம காட்டுப் படத்தக் காட்டுனாரு இல்ல? மேல வடக்கு, கீழ தெக்கு, சோத்துக்கை பக்கம் கெழக்கு. கவர்மெண்டு கணக்கு அது."

எனக்கும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் படத்தைத் தொங்கவிட்டு மேலே வடக்கு என்றுதான் சொன்னதாக ஞாபகம். நான் தலையாட்டினேன்.

இவர் மூலை பிரித்தார். வீட்டுக்கு மூலை பார்ப்பது போலக் காருக்குப் பார்த்தார். தென்மேற்கு கன்னி மூலை, பிள்ளையாருக்கு உரியது, அதனால் அதில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார். படத்தில் கீழே இடது பக்கம் இருந்த எழுத்து மூடியை நான் எடுத்துக் கொடுத்தேன். காரின் தென்மேற்குச் சக்கரத்துக்குப் போய் மாட்டினார். பழைய மூடியைக் கழற்றிவிட்டுப் புதுசைத் திருகும்போது 'உஸ்' என்று காற்று சீறியது. நான் பயந்து இரண்டு அடி பின்னால் போனேன். "பாம்பா அது, காத்துடி" என்று சிரித்தார். அப்புறம் அக்னி மூலை. அப்புறம் ஈசானி மூலை. கடைசியாக வடமேற்கு, வாயு மூலை. படத்தில் மேலே இடது பக்கம் இருந்த மூடியை வாங்கிக்கொண்டு, "காத்துப் பொட்டிக்கு வாயு மூலதான் முக்கியம், இத நல்லா முடுக்கணும்" என்று பல்லைக் கடித்து முடுக்கினார். அந்தச் சக்கரம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நுழைந்துதான் அவர் உட்கார வேண்டியிருந்தது. எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்து எழுந்தார்.

வேலை முடிந்ததும் நான் நாலு மூடிக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். புதுச் சாமான் வந்தால் அப்படித்தானே செய்வோம். சந்தனம் கெட்டியாக இருந்தது. எழுத்து எல்லாம் அதற்குள் மறைந்துவிட்டது.

மகள் வந்து பார்த்தாள். முதலில் "வெச்சிருங்கன்னு சொன்னேன் இல்ல" என்று சத்தம் போட்டாள். பிறகு கண்ணாடிப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினாள். அது வெயிலைக் குடித்தே வேலை செய்யுமாம். கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளும் ஒரு கார் படம் வந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு எண் வந்தது. நாலும் ஒரே எண், முப்பத்திமூன்று.

"பரவால்லியேப்பா, நாலும் வருது. நீங்களேவா மாட்டுனீங்க?"

"பின்ன, பக்கத்து வூட்டுக்காரனா வந்து மாட்டுனான்?"

அவள் சிரித்தாள். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டார். வண்டியை விற்கச் சொன்ன மனுஷன் அதற்குச் சாமான் மாட்டிவிட்டுப் பெருமையாகப் போவதைப் பார்த்தேன். ஆனாலும் அவர் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது அப்படியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் தருமபுரி, பாலக்கோடு என்று பக்கத்து வாடகைக்குத்தான் போனாள். ஒகேனக்கல் போகவில்லை. பிறகு ஒருநாள், மொரப்பூரில் ரயிலில் வந்து இறங்கும் ஒரு குடும்பம் ஒகேனக்கல் போக வேண்டும் என்று கூப்பிட்டது. அவள் சரி என்றுவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"போ. ஒங்கம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

"அம்மா வந்து என்னா பண்ணும்? டயரு தூக்குமா?"

"தொணைக்கி இருக்கட்டும்."

என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு வேற்றாள் இருக்கிற இடத்தில் உட்காரவே கூச்சம். அவர்கள் முன்னால் தண்ணீர் குடிக்கக்கூட யோசிப்பேன். இருந்தும் புடவை மாற்றிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மகள் எட்டி என் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

மொரப்பூரில் ஏறியவர்கள் மூன்று பேர். சென்னைப் பக்கத்து ஆட்கள். புருஷன், பெண்சாதி, அந்தப் பெண்ணின் அம்மா. அந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். ஏறினதிலிருந்து வாய் ஓயவில்லை.

"நீங்க டிரைவரோட அம்மாவா? நல்லதாப் போச்சு. அம்மா பக்கத்துல இருந்தா பொண்ணு பறக்காது."

நான் சிரித்தேன்.

"எத்தினி பசங்க உங்களுக்கு?"

நான் மகளைக் கையால் காட்டினேன். அவள், "நான் ஒருத்திதாங்க. எங்கம்மா பேசமாட்டாங்க, எல்லாத்தையும் எனக்கு விட்டுட்டாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. காற்றுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு நகராமல் நிற்போமே, அப்படி. தருமபுரி தாண்டியும் நாலு எண்ணும் அசையவில்லை. வண்டி சூடானதும் ஒன்றிரண்டு கூடியது. அது அப்படித்தான் கூடும் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். பென்னாகரத்தில் டீ குடித்தார்கள். எனக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக் குடித்துவிட்டேன்.

பென்னாகரம் தாண்டிக் காடு ஆரம்பித்த கொஞ்ச தூரத்தில் பெட்டி கத்தியது. 'கீக் கீக் கீக்' என்று குருவிக் குஞ்சு கத்துகிற மாதிரி. படத்தில் மேலே இடது பக்கச் சக்கரம் சிவப்பாக அடித்து அடித்து அணைந்தது. அந்த எண் இருபத்தியேழு என்று காட்டியது. நான் பார்க்கும்போதே இருபத்தியாறு ஆனது.

மகள் ஓரமாக மண்ணில் இறக்கி நிறுத்தினாள். இறங்கிப் போய் முன்பக்கத்து இடது சக்கரத்தைப் பார்த்தாள். காலால் உதைத்தாள். குனிந்து விரலால் அமுக்கினாள். சுற்றிலும் தடவினாள். கல் மாதிரி இருந்தது. மூடியைத் திருகிப் பார்த்தாள், அதுவும் இறுக்கமாக இருந்தது. அந்தப் புருஷனும் இறங்கி வந்து உதைத்துப் பார்த்தார்.

"டயர் நல்லாத்தான் இருக்கு மேடம். இந்த மாதிரி சாமானெல்லாம் சும்மா சும்மா கத்தும். என் ஃப்ரெண்டு வண்டியில இப்டித்தான் கத்திக்கினே இருந்துச்சுன்னு புடுங்கி எறிஞ்சுட்டான்."

"லேட்டானா பரிசல் நிறுத்திடுவாங்களாம்" என்றாள் அவர் பெண்சாதி உள்ளிருந்தே.

மகள் திரும்பவும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கியதும் சத்தம் நின்றது. சிவப்பு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். வந்த வழியே திரும்பினாலும் வண்டி காட்டில் நின்றதாகத்தான் ஆகும். மேற்கொண்டு போய் இறக்கத்தில் நின்றாலும் அதேதான். இரண்டுக்கும் அவள் அப்பாவிடம் ஒரே பதில்தான் இருக்கிறது.

வண்டியை எடுத்துவிட்டாள். மெதுவாக நகர்ந்தது.

எனக்கு அந்தச் சிவப்பு அடிக்கிற இடத்தை விட்டுக் கண் நகரவில்லை. மேலே இடது பக்கம். அந்த எழுத்து மூடியை என் கையால்தானே எடுத்துக் கொடுத்தேன். வாயு மூலை என்று சொல்லித்தானே வாங்கினார். வாயு மூலையில் மாட்டும்போது கல் பக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்தாரே. துணி துவைக்கிற கல் காரின் மூக்குப் பக்கமா இருக்கிறது? பின்னால் அல்லவா இருக்கிறது!

சொல்ல வேண்டும். ஆனால் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்வது தப்பாக இருந்தால், மகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். முன்னால் ரோடு வளைந்து கீழே இறங்குவது தெரிந்தது. கியர் மேல் இருந்த அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"நில்லும்மா. நிறுத்து."

அவள் சட்டென்று பிரேக் போட்டாள். "என்னாம்மா? வாந்தி வருதா?"

"இல்ல. அது தொவைக்கிற கல்லு டயரு."

"என்னாது?"

"அது தொவைக்கிற கல்லு டயரும்மா."

பின்னாலிருந்து அந்த அம்மா, "பாவம், தலை சுத்துது போல இருக்கு. வயசானவங்களுக்கு இந்த வளைவெல்லாம் ஒத்துக்காது. தண்ணி குடும்மா" என்று பாட்டிலை நீட்டினார்கள். நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மகளை மட்டும் பார்த்துச் சொன்னேன்.

"இந்த மூடிய ஒங்கப்பா வாயு மூலன்னு சொல்லித் தொவைக்கிற கல்லுகிட்ட இருந்த டயர்லதான் மாட்டுனாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். படத்துல மேல வடக்குன்னாரு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தாள். கையை ஸ்டியரிங் மேல் வைத்து ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. "படத்துல மேல வடக்கு… நம்ம வண்டி நிக்கிறது கெழக்க பாத்து…" என்றாள். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ அப்பா!"

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நானும் பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் இழுத்து, அந்தப் புருஷன் எட்டிக் கழற்றிவிட, இறங்கிப் போனேன். பின்பக்கத்து இடது சக்கரம் புல்லுக்குள் இருந்தது. மகள் மண்டியிட்டு மூடியில் இருந்த சந்தனத்தைக் கட்டை விரலால் தேய்த்தாள். எழுத்துத் தெரிந்தது.

"முன்பக்கம் இடதுன்னு எழுதியிருக்குது, பின்னாடி மாட்டி வெச்சிருக்காரு" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

டயரை அமுக்கினாள். விரல் உள்ளே போனது. கீழ்ப்பக்கம் அது மண்ணோடு மண்ணாகப் படிய ஆரம்பித்திருந்தது. வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டிப் பார்த்ததும் ஆணித் தலை பளபளவென்று தெரிந்தது. எச்சில் தொட்டு வைத்தாள். குமிழ் குமிழாக வந்தது.

அந்தப் புருஷன் தலையைச் சொறிந்தார். "ஸாரி மேடம். அப்ப அது கரெக்டாத்தான் கத்தியிருக்கு."

"அது கரெக்டுதாங்க. எங்கப்பாதான் அத வடக்க பாத்து நிறுத்திட்டாரு."

இந்தத் தடவை ஸ்டெப்னியில் காற்று இருந்தது. அவள் வாரா வாரம் பார்த்து வைக்கிறாள். ஜாக்கியும் புதுசு. வண்டியைத் தூக்கினாள், நட்டுகளைக் கழற்றினாள், மாற்றினாள். அந்தப் புருஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சக்கரத்தை உருட்டிக் கொடுத்தார். அந்த அம்மாவும் நானும் மைல் கல் பக்கத்தில் நின்றோம்.

"என்னங்க, வாயே திறக்கமாட்டேன்னீங்க. திறந்தா இப்டி ஒரு போடு போடுறீங்க!" என்றார்கள் அந்த அம்மா. "கல்லு டயர்னதும் உங்களுக்குப் பித்தம் தலைக்கு ஏறிடுச்சுன்னு நெனச்சேன்."

"எனக்கே அப்பிடித்தாங்க இருந்துச்சு" என்றேன். அன்றைக்கு வேற்று ஆளிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா கொடுத்த பாட்டில் இன்னும் என் கையில்தான் இருந்தது. அவர்கள் முன்னாலேயே திறந்து தண்ணீர் குடித்தேன்.

பரிசல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அவர்கள் தண்ணீர்ப் பக்கம் போன பிறகு, மகள் என்னை மீன் வறுக்கும் கடைக்குக் கூட்டிப் போனாள். ஆற்று மீனை மிளகாய் தடவிக் கல்லில் போட்டுத் தந்தார்கள். எனக்குக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கம் இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன். முள் எடுக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வாயு மூலயாம். அக்னி மூலயாம். நல்லவேள, எனக்கு ஸ்டியரிங்க ஈசானி மூலயில மாட்டாம விட்டாரே."

"அவருகிட்ட சொல்லிடாத."

"சொல்லாம? வாசல்லயே ஆரம்பிப்பேன்."

"வண்டி நின்னுச்சுன்னு சொன்னியானா…"

அவள் சிரிப்பு நின்றது. இலையில் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினாள். "மறைச்சி ஓட்ட முடியாதும்மா. வித்துடுன்னா வித்துடட்டும்" என்றாள். நான் என் பங்கு மீனில் பாதியைப் பிய்த்து அவள் இலையில் வைத்தேன்.

வரும் வழியில் பென்னாகரத்தில் பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் ஆணியைக் குறட்டால் பிடுங்கிக் காட்டினார். சுண்டுவிரல் நீளம் இருந்தது. "எறக்கத்துல போறப்ப இது போயிருந்தா வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்ங்க" என்றார். மகள் அந்த ஆணியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். கார் தெரு முனையில் திரும்பும்போதே கீழே குனிந்து நாலு சக்கரத்தையும் பார்க்கிறார். மகள் வண்டியைக் கிழக்கே பார்த்து நிறுத்திவிட்டு இறங்கினாள். சொன்ன மாதிரியே வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"ஏம்ப்பா, ரோட்ல வண்டி திரும்புனா திசையும் கூடவே திரும்புமா?"

"திசை எங்கடி திரும்பும்? வண்டிதான் திரும்பும்."

"அப்ப வண்டிய தெக்க பாத்து ஓட்டுனா வாயு மூல எங்க இருக்கும்?"

இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். காரைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கையால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"படம் போட்டவன் வடக்கு எதுன்னு ஓரமா ஒரு கோடு போட்டிருக்கணும்" என்றார் கடைசியில். "அவன் மேல தப்பு."

மகள் எல்லாவற்றையும் சொன்னாள். காட்டில் நின்றதையும் மறைக்கவில்லை. பெட்டி கத்தினது, தப்பான டயரைப் பார்த்தது, நான் கையைப் பிடித்தது, ஆணி, எல்லாம். ஆணியைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தாள். அதை அவர் கையில் கொடுத்தாள். இவர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதோ சொல்லப்போகிறார், மெதுவாகத்தான் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கத்துச்சு இல்ல?" என்றார்.

"கத்துச்சுப்பா."

"கத்துனதும் நிறுத்திட்ட இல்ல?"

"ஆமா."

"டயரு கிழிஞ்சா போச்சு? இல்லியே. அப்ப அது நின்னது இல்ல. நீ நிறுத்துனது." ஆணியை ஓட்டு மேல் எறிந்தார். "போயிக் குளி, மேலெல்லாம் கறுப்பு."

அவள் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். இவர் கார் பக்கத்தில் போய் உட்கார்ந்து மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். "படத்துல மூக்கு மேல. வண்டி மூக்கு இங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போது மகளின் போன் அடித்தது. காரின் மேல் வைத்திருந்தாள். வாடகைக்குக் கூப்பிடுகிற அந்தப் போனை இவர் எடுத்ததே கிடையாது. அன்றைக்கு எடுத்தார்.

"ஆமாங்க, கார்க்கார பாப்பா வூடுதான். அரூருக்கா? நாளைக்கா? வரும்ங்க. அதெல்லாம் வண்டி வரும். ஒகேனக்கல்லு போயிட்டு இப்பதான் வந்துச்சு."

நான் சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அரிசி களைந்து உலை வைத்தேன். குளித்த ஈரத்தோடு மகள் வந்து, "யாரும்மா போன்ல?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்பாவா எடுத்தாரு? அப்பாவா வரும்னாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள். வாசலுக்குப் போய், "ப்பா, அரூருக்கு எத்தினி மணிக்கு வரச் சொன்னாங்கன்னு கேட்டீங்களா இல்லியா?" என்று சத்தம் போட்டாள். அவர் மணி கேட்டிருக்கவில்லை. அதற்கு ஒரு சண்டை நடந்தது. நான் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போது அந்தக் காட்டு வழிக்கு வாடகை வந்தால் நான் துணைக்குப் போவதில்லை. யாரும் போகச் சொல்வதும் இல்லை. அவள் புறப்பட்டுப் போனதும் தக்காளிக் காட்டுக்குப் போய்விடுவேன். முன்பெல்லாம் ரோட்டில் என்ன வண்டிச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்ப்பேன். இப்போது பாதிச் சத்தம் காதில் விழுவதே இல்லை.